வேலை முடிந்ததும் கலையும் கூடாரம்: மென்பொருள் உருவாக்குநர்களுக்குக் கைகொடுக்கும் தற்காலிகச் சூழல்கள்

“என் கணினியில் சரியாகத்தானே ஓடுகிறது!”

மென்பொருள் உருவாக்கும் அலுவலகம் ஒன்-நார்த்தில் இருந்தாலும் சைபர்ஜெயாவில் இருந்தாலும் இந்த வாக்கியம் வாரத்திற்கு ஒருமுறையாவது காதில் விழும். செயலியில் பிழை இருக்கிறது என்பார் சோதனையாளர். இல்லவே இல்லை என்பார் அதை எழுதியவர். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் இருவர் சொல்வதுமே உண்மை. ஒரே நிரல் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சச்சரவால் வீணாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் மகனோ மகளோ மென்பொருள் துறையில் இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். “இன்று ரிலீஸ், வர நேரமாகும்” என்ற குறுஞ்செய்தி வரும். அந்தத் தாமதத்தில் கணிசமான பகுதி நிரல் எழுதுவதில் கழிவதில்லை. எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் கிடைக்காமல் காத்திருப்பதில்தான் கழிகிறது.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க, கேட்டவுடன் உருவாகி, வேலை முடிந்ததும் தானாக மறையும் தற்காலிகச் சூழல்களைப் பல நிறுவனங்கள் இப்போது பயன்படுத்துகின்றன. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரிவிடும் என்பதைப் பார்ப்போம்.

சூழல் என்பது என்ன?

செயலி என்றால் ஒரே ஒரு கோப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மருந்தகத்தில் முன்பதிவு செய்யும் ஒரு சாதாரணச் செயலியை எடுத்துக்கொள்வோம். அதற்கு நிரல் வேண்டும். அந்த நிரல் எழுதப்பட்ட மொழியின் குறிப்பிட்ட பதிப்பு வேண்டும். பிறர் எழுதிவைத்த பல நூறு நிரல் தொகுப்புகள் வேண்டும். நோயாளி விவரங்களுக்கு ஒரு தரவுத்தளம், கட்டணம் செலுத்த வங்கி இணைப்பு, ஒருமுறை மறைச்சொல்லை அனுப்பக் குறுந்தகவல் சேவை, இவை எல்லாவற்றுக்கும் கடவுச்சொற்கள், அமைப்புகள்.

இந்த மொத்தக் கூட்டத்தைத்தான் ‘சூழல்’ என்கிறார்கள். இதில் ஏதேனும் ஒன்று ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் போதும், ஓரிடத்தில் ஓடுவது இன்னோரிடத்தில் விழுந்துவிடும்.

வழக்கமாக ஒரு நிறுவனத்தில் மூன்று சூழல்கள் இருக்கும். முதலாவது, உருவாக்குநரின் மடிக்கணினி. கடைசியாக, பொதுமக்கள் பயன்படுத்தும் நேரடிச் சூழல். இரண்டுக்கும் நடுவில் ஒத்திகைக்கென்று ஒன்று இருக்கும். அதை ஸ்டேஜிங் என்று அழைப்பார்கள். வம்பெல்லாம் பிறப்பது அங்கேதான்.

ஒரு குளியலறை, ஐந்து குடும்பங்கள்

ஸ்டேஜிங் சர்வர் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அதைப் பயன்படுத்த வேண்டியவர்களோ பலர்.

நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் மூன்று குழுக்களுக்கு ஒரே ஸ்டேஜிங். யாருக்கு எப்போது என்று எழுத ஓர் அட்டவணை வைத்திருந்தோம். திங்கட்கிழமை காலை 9 மணிக்கெல்லாம் புதன்கிழமை வரை நிரம்பிவிடும். இதற்கிடையே, “யாராவது ஸ்டேஜிங்கைப் பயன்படுத்துகிறீர்களா? நான் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று குழு உரையாடலில் கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஐந்து நிமிடம் மாலை வரை நீளும்.

ஒருவருடைய அரைகுறை மாற்றம் அங்கே இருக்கும்போது இன்னொருவர் தன்னுடையதையும் ஏற்றுவார். பிழை வரும். யாருடைய மாற்றத்தால் வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் போய்விடும். சோதனையாளர்கள் பகலெல்லாம் காத்திருந்துவிட்டு, சர்வர் ‘சும்மா’ இருக்கும் இரவு 7 மணிக்குத் தங்கள் வேலையைத் தொடங்குவார்கள். நிரல் எழுதியவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கேள்வி கேட்க ஆளிருக்காது. நேரம் தவறி வீட்டுக்குப் போவது எப்போதும் சோதனைக் குழுதான். அவர்களில் பெரும்பாலோர் துறைக்குப் புதியவர்கள், எதிர்த்துக் கேட்கத் தயங்குபவர்கள்.

புதிதாகச் சேர்ந்தவரின் நிலை இன்னும் சங்கடமானது. முதல் வாரம் முழுவதும் மடிக்கணினியில் ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டிருப்பார். வழிகாட்டி ஆவணம் இருக்கும். ஆனால் அது இரண்டு ஆண்டுக்கு முந்தையது. பக்கத்து மேசைக்காரரிடம் எத்தனை முறைதான் கேட்பது என்ற கூச்சத்தில் தனக்குத்தான் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். கோளாறு ஆவணத்தில் இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

எட்டில் ஒன்று விடுபட்டபோது

கையால் பராமரிக்கப்படும் சர்வர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே மாதிரி இருப்பதாக நாம் நம்பும் சர்வர்கள் காலப்போக்கில் ஒன்றுக்கொன்று வேறாகிவிடும். அவசரத்திற்கு ஒருவர் ஒரு கோப்பை மாற்றியிருப்பார். இன்னொருவர் ஒன்றை நிறுவியிருப்பார். எங்கும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலின் கதை ஒன்று போதும். 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதிக்காக அந்நிறுவனம் தன் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. 7 சர்வர்களில் ஏறியது. ஒன்றில் விடுபட்டது. அந்த ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய நிரல் இன்னமும் இருந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு, வாங்கவும் விற்கவும் லட்சக்கணக்கான ஆணைகளை அனுப்பத் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 440 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல் இழப்பு. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் கெட்கோ என்ற வேறொரு நிறுவனத்துடன் இணைந்தது.

அது ஒத்திகைச் சர்வரில் நடந்ததல்ல, நேரடிச் சூழலில் நடந்தது. ஆனால் மூலக்காரணம் ஒன்றே. நீண்ட நாள் வாழும் சர்வரில் பழைய குப்பை தங்கிவிடும். எட்டையும் ஒவ்வொரு முறையும் புதிதாக, ஒரே குறிப்பிலிருந்து இயந்திரமே உருவாக்கியிருந்தால் அந்தப் பழைய நிரல் தங்குவதற்கு இடமே இருந்திருக்காது.

கீழ்த்தளத்துக் கூடாரம்

வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் திருமணமோ ஈமச்சடங்கோ நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நகர மன்றத்தில் அனுமதி வாங்குவார்கள். மேசை, நாற்காலி, மின்விளக்கு, திரை எல்லாம் லாரியில் வந்து இறங்கும். சில மணி நேரத்தில் ஒரு மண்டபம் உருவாகிவிடும். காரியம் முடிந்ததும் கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் காலை அங்கே நடந்து போகிறவருக்கு, முந்தைய இரவு இருநூறு பேர் சாப்பிட்ட இடம் என்று தெரியாது. அடுத்த வாரம் வேறொரு குடும்பம் அதே இடத்தில், முந்தைய குடும்பத்தின் சுவடு எதுவுமின்றி, தன் நிகழ்ச்சியை நடத்தும்.

தற்காலிகச் சூழலும் அப்படித்தான்.

உருவாக்குநர் ஒருவர் முன்பதிவுச் செயலியில் ஒரு மாற்றம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூல நிரலை நேரடியாகத் தொடாமல், தனியாக ஒரு கிளை எடுத்து அதில் எழுதுகிறார். எழுதி முடித்ததும், “இதைச் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கோரிக்கை அனுப்புகிறார். புல் ரிக்வெஸ்ட் என்று துறையில் சொல்வது இதைத்தான்.

அந்தக் கோரிக்கை போய்ச் சேர்ந்த கணமே ஒரு தானியங்கி இயந்திரம் வேலையைத் தொடங்குகிறது. நிரலோடு சேர்த்து எழுதிவைக்கப்பட்ட குறிப்பைப் படிக்கிறது. எந்த மொழிப் பதிப்பு, எந்தத் தொகுப்புகள், எந்தத் தரவுத்தளம், எவ்வளவு நினைவகம் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். அதன்படி மேகக் கணினியில் ஒரு தனி இடத்தை ஒதுக்கி, செயலியை அங்கே ஓடவைத்து, தரவுத்தளத்தில் மாதிரித் தரவை நிரப்பி, ஓர் இணைய முகவரியை உருவாக்குகிறது. அந்த முகவரி கோரிக்கையின் கீழேயே குறிப்பாக வந்து விழும். சிறிய செயலி என்றால் இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சோதனையாளர் அந்த முகவரியைத் தட்டிப் பார்க்கலாம். நிரல் தெரியாத வடிவமைப்பாளரும் பார்க்கலாம், வாடிக்கையாளரும் பார்க்கலாம். பக்கத்துக் குழுவின் மாற்றம் இன்னொரு முகவரியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்குத் தெரியாது. மாற்றம் ஏற்கப்பட்டு மூல நிரலில் சேர்ந்ததும், அல்லது நிராகரிக்கப்பட்டதும், சூழல் மொத்தமாக அழிக்கப்படுகிறது.

முன்பு ஏன் இல்லை?

ஆசை எல்லாருக்கும் இருந்தது. கருவிகள்தான் இல்லை.

முன்பு ஒரு புதிய சர்வர் வேண்டுமென்றால் படிவம் நிரப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அமேசான் 2010ல் சிங்கப்பூரில் தன் மேகக் கணினி வட்டாரத்தைத் தொடங்கிய பிறகு அந்தக் காத்திருப்பு இங்கு குறைந்தது. மலேசியாவில் அதன் வட்டாரம் 2024 ஆகஸ்டில் திறந்தது. ஆனாலும் முழு மெய்நிகர் சர்வர் ஒன்றைத் தயாராக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்கு மேல் செயலியை நிறுவ வேண்டும்.

2013ல் டாக்கர் வெளியானது. செயலியையும் அதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்து, எந்தக் கணினியிலும் அப்படியே திறக்கலாம் என்றது. பெயரும் கன்டெய்னர்தான். பாசிர் பாஞ்சாங்கில் அடுக்கி வைத்திருக்கும் கொள்கலன்களின் அதே கருத்து. உள்ளே என்ன இருந்தாலும் வெளி அளவு ஒன்று என்பதால், எந்தக் கப்பலிலும் எந்த லாரியிலும் ஏற்றலாம். அடுத்த ஆண்டு கூகல் வெளியிட்ட குபர்நெட்டிஸ், அந்தப் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் ஏற்றி இறக்கும் துறைமுக மேலாளரைப் போன்றது. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு மாலுமி என்றே பொருள். அதே 2014ல் வந்த டெராஃபார்ம், சர்வர்களையும் வலைப்பின்னலையும் நிரல் போலவே எழுதிவைக்க வழி செய்தது.

கட்டணமும் மாறியது. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் மட்டும் பயன்படுத்தினாலும் முழு மணிக்கும் காசு என்றிருந்ததை மாற்றி, லினக்ஸ் சர்வர்களுக்கு விநாடிக் கணக்கில் வசூலிக்கும் முறையை அமேசான் 2017 அக்டோபரில் கொண்டுவந்தது. பத்து நிமிடக் கூடாரத்திற்குப் பத்து நிமிட வாடகை.

மடிக்கணினியே தேவையில்லையா?

இதே கருத்து இன்னொரு பக்கமும் போயிருக்கிறது. சோதிக்கும் இடம் மட்டுமன்றி, நிரல் எழுதும் இடமும் தற்காலிகமாக இருந்தால் என்ன?

கிட்ஹப் நிறுவனம் 2021 ஆகஸ்டில் தன் சொந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டது. அதன் முக்கிய நிரல் களஞ்சியம் கிட்டத்தட்ட 13 கிகாபைட். அதைப் பிரதி எடுக்கவே 20 நிமிடம் ஆகும். ஒரு பொறியாளரின் சூழலை ஆரம்பத்திலிருந்து உருவாக்க 45 நிமிடம். அதனால் யாரும் தங்கள் சூழலை மீண்டும் உருவாக்க மாட்டார்கள். கெட்டுப்போனாலும் ஒட்டுப்போட்டு ஓட்டுவார்கள்.

கோட்ஸ்பேசஸ் என்ற தன் சேவைக்கு மாறியபின் அந்த 45 நிமிடத்தை 5 நிமிடமாகவும், பிறகு 10 விநாடியாகவும் குறைத்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. மந்திரம் எதுவுமில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே சூழல்களைத் தயாரித்து வரிசையில் நிறுத்திவைத்தார்கள். உணவங்காடியில் மதிய நேரக் கூட்டத்துக்குப் பொட்டலங்களை 11 மணிக்கே கட்டிவைக்கும் கடைக்காரரின் உத்திதான் அது.

45 நிமிடம் 10 விநாடியாகும்போது மாறுவது நேரம் மட்டுமல்ல. மனப்போக்கும் மாறுகிறது. சூழலைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் போய்விடும். கெட்டால் தூக்கிப்போட்டு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். சக ஊழியரின் மாற்றத்தைச் சரிபார்க்க, பாதியில் இருக்கும் தன் வேலையை மூட்டைகட்டி வைக்க வேண்டியதில்லை. அவருடைய கிளைக்கென இன்னொரு சூழலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளே ஒரு சிறு மாற்றத்தை அனுப்ப முடியும்.

மாணவர்களும் இதைக் கவனிக்கலாம். தனிநபர்களுக்கு மாதந்தோறும் 60 மணி நேரம் வரை இச்சேவையை இலவசமாகத் தருவதாகக் கிட்ஹப் 2022 நவம்பரில் அறிவித்தது. இரண்டு மையச் செயலி கொண்ட ஆகச் சிறிய சூழலுக்கான கணக்கு அது. விலையுயர்ந்த கணினி வாங்க முடியாத வீட்டில் உள்ள பிள்ளை, உலாவி திறக்கும் பழைய மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டே பெரிய நிரல் திட்டங்களில் பழகலாம். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. வேலை முடிந்ததும் சூழலை நிறுத்திவிட வேண்டும். உலாவியின் பக்கத்தை மூடுவதால் மட்டும் அது உடனே நின்றுவிடாது.

இணையம் இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு முடங்கிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரயிலிலும் விமானத்திலும் வேலை பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு மடிக்கணினியே மேல்.

பெயரில் ஒரு சாய்கோடு

இனி சிக்கலான பகுதிக்கு வருவோம். கூடாரம் எளிது. விருந்தினர்கள்தான் பிரச்சினை. அதாவது, தரவு.

வெறும் தரவுத்தளத்தை வைத்துச் செயலியைச் சோதிக்க முடியாது. அதற்காக நேரடிச் சூழலில் இருக்கும் உண்மையான நோயாளிகளின் பட்டியலை அப்படியே பிரதியெடுத்து ஒவ்வொரு கூடாரத்திலும் கொட்டினால், அவர்களின் அடையாள எண்ணும் தொலைபேசி எண்ணும் பத்து இடங்களில் சிதறிக்கிடக்கும். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் தகவலை வைத்திருப்பவரே அதைப் பாதுகாக்க வேண்டும் என்கின்றன. ‘அது வெறும் சோதனைச் சர்வர்’ என்பது எடுபடும் பதில் அல்ல. தகவல் கசிந்தவருக்கு அது எந்தச் சர்வரிலிருந்து போனது என்பதில் என்ன ஆறுதல் இருக்கப்போகிறது?

ஆகவே, மாதிரித் தரவை நாமே செய்ய வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் கொஞ்சம் கவனம் செலுத்த வேண்டும் என்பேன்.

வெளிநாட்டுக் கருவிகள் தரும் மாதிரிப் பெயர்களில் எல்லாருக்கும் முதற்பெயரும் குடும்பப்பெயரும் இருக்கும். நம் பெயர்கள் அப்படி இல்லை. சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்றும் மலேசியாவில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்றும் நடுவில் ஒரு சாய்கோடு வரும். குடும்பப்பெயரே இல்லாதவர்கள் உண்டு. இணைய முகவரியில் சாய்கோட்டுக்கு வேறு பொருள் என்பதால், பெயரை அப்படியே முகவரிக்குள் செருகும் செயலி வழிதவறிவிடும். இன்னும் சில படிவங்கள் ‘தவறான எழுத்து’ என்று சிவப்பில் காட்டும். தன் பெயரே தவறு என்று ஒரு படிவம் சொல்வதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்! மாதிரித் தரவில் அப்படிப்பட்ட பத்துப் பெயர்களைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு கூடாரத்திலும் அந்தப் பிழை முதல் நாளே பிடிபடும்.

தமிழ் எழுத்துக்கும் இது பொருந்தும். ‘கு’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ககரமும் உகரக் குறியும் என இரண்டு. பத்து எழுத்துக்குமேல் வெட்டு என்று எழுதப்பட்ட நிரல், நடுவில் வெட்டிக் கொம்பையோ காலையோ அந்தரத்தில் தொங்கவிடும். குறுந்தகவலிலும் கணக்கு வேறு. ஆங்கிலத்தில் ஒரு தகவலுக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70தான், அதிலும் உயிர்மெய்க் குறிகள் தனியாக எண்ணப்படும். ஒரு தகவலில் முடிய வேண்டியது இரண்டாகிச் செலவும் இரட்டிப்பாகும்.

நான்கு மொழிகளில் வெளியாகும் இணையத்தளங்களில் தமிழ்ப் பகுதி மட்டும் உடைந்து, கட்டம் கட்டமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், வெளியாகும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அதைத் திரையில் பார்க்காததே. மொழிபெயர்ப்பாளர் ஓர் ஆவணத்தில் எழுதிக் கொடுப்பார். அது பக்கத்தில் எப்படி விழுந்தது என்பதை அவரும் மக்களோடு சேர்ந்துதான் பார்ப்பார். ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு முகவரி கிடைக்கும் ஏற்பாடு இருந்தால், அந்த முகவரியை அவருடைய கைப்பேசிக்கு அனுப்பினால் போதும். பேருந்தில் உட்கார்ந்தே, “மூன்றாவது வரியில் ‘ஸ்ரீ’ உடைந்திருக்கிறது” என்று சொல்லிவிடுவார். என்னைக் கேட்டால், இந்தத் தொழில்நுட்பத்தால் நம் சமூகத்துக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய நன்மை இதுதான். பொறியாளர் அல்லாதவர்களின் கண்ணும் சரியான நேரத்தில் உள்ளே வருகிறது.

காசு கணக்கு

வாரத்தில் 168 மணி நேரம். சிங்கப்பூரில் வேலை நியமனச் சட்டம் சொல்லும் வேலை வாரம் 44 மணி நேரம், மலேசியாவில் 2023 முதல் 45. ஆக, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒத்திகைச் சர்வர் முக்கால்வாசி நேரம் ஆளில்லா அறையில் சுற்றும் மின்விசிறி.

ஒரு கணக்குக்காக, மணிக்கு 50 காசு ஆகும் சர்வர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் முழுவதும் ஓடினால் 365 வெள்ளி. அதற்குப் பதில், மணிக்கு 10 காசு ஆகும் சிறிய சூழல்கள் பத்து, வேலை நாள்களில் மட்டும், நாளுக்கு 9 மணி நேரம் ஓடினால் மாதம் 198 வெள்ளி. பத்துப் பேருக்குத் தனித்தனி இடம் கிடைத்து, செலவும் குறைகிறது. அதே பத்தையும் அணைக்க மறந்து இரவு பகலாக ஓடவிட்டால் 730 வெள்ளி. மறதிதான் இங்கே ஆகப் பெரிய செலவு.

ஆகவே, ஒவ்வொரு சூழலுக்கும் பிறக்கும்போதே ஆயுள் குறிக்கப்பட வேண்டும். மூன்று நாள் யாரும் தொடாவிட்டால் தானாக அழியட்டும். ஒரு சின்ன எச்சரிக்கை: மேகக் கணினிகளின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நள்ளிரவில் அழி என்று எழுதினால், நமக்கு அது காலை 8 மணி. வாடிக்கையாளருக்குக் காட்டலாம் என்று நீங்கள் காப்பியோடு வந்து உட்காரும்போது சூழல் காணாமல் போயிருக்கும்.

அழிக்கும் கைக்கு ஒரு வேலி

தானாக அழிக்கும் இயந்திரத்தை வைத்திருப்பவர்கள் அது தவறான இடத்தில் கைவைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணைச் சர்வரில் தரவை அழிப்பதாக நினைத்து முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 கிகாபைட் போய்விட்டது. வழக்கமான காப்புப் பிரதிகள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. கடைசியில் காப்பாற்றியது, ஸ்டேஜிங்கில் ஏற்றுவதற்காகச் சுமார் 6 மணி நேரத்திற்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதி. இடைப்பட்ட 6 மணி நேரத் தரவு திரும்பவில்லை. அந்நிறுவனம் நடந்ததை எல்லாம் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. அதனால்தான் நாமும் பேச முடிகிறது.

தற்காலிகச் சூழல்களுக்கென்று தனி மேகக் கணினிக் கணக்கு வைத்து, அந்தக் கணக்கின் சாவி நேரடிச் சூழலின் கதவில் நுழையவே முடியாதபடி செய்வது முதல் பாதுகாப்பு. முகவரிகள் உள்நுழைவுச் சொல் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியிடாத அம்சங்களைத் தேடுபொறிகள் ஊருக்குச் சொல்லிவிடும். குறுந்தகவல், கட்டணச் சேவைகளின் இடத்தில் பொம்மைச் சேவைகளை வைக்க வேண்டும். சோதனைக்காக அனுப்பிய ‘உங்கள் அறுவை சிகிச்சை உறுதியானது’ என்ற தகவல் உண்மையான ஒருவரின் கைப்பேசிக்குப் போவதை எண்ணிப் பாருங்கள்.

எல்லா நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஐம்பது அறுபது சேவைகள் பின்னிப் பிணைந்த பெரிய அமைப்பில், ஒவ்வொரு மாற்றத்திற்கும் முழு அமைப்பையும் பிரதியெடுப்பது கட்டுப்படியாகாது. அங்கே மாறிய சேவையை மட்டும் தனியாக ஓடவிட்டு, மற்றவற்றைப் பொதுவில் பகிர்ந்துகொள்வார்கள். பழைய பெருங்கணினிகளில் ஓடும் வங்கி அமைப்புகளைக் கூடாரத்தில் அடக்குவது கடினம். இரண்டே பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனத்துக்கு ஒரு ஸ்டேஜிங் போதும். அவர்கள் குரல் கொடுத்தாலே கேட்கும் தூரத்தில் இருப்பார்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

ஐந்து முதல் இருபது பேர் வரை உள்ள குழுக்களுக்குத்தான் பலன் சட்டென்று தெரியும். அவர்கள் குபர்நெட்டிஸ் கற்றுக்கொண்டு தொடங்க வேண்டிய அவசியமில்லை. இணையத்தளம் மட்டும் என்றால் வெர்செல், நெட்லிஃபை போன்ற சேவைகள் ஒவ்வொரு மாற்றத்திற்கும் முன்னோட்ட முகவரியைத் தாமாகவே தருகின்றன. தரவுத்தளமும் பின்னணிச் சேவையும் இருந்தால், முதலில் செயலி முழுவதையும் ஒரே கட்டளையில் மடிக்கணினியில் எழுப்ப முடிகிறதா என்று பாருங்கள். அது முடியாதவரை மேகத்திலும் முடியாது. அந்த ஒரு கட்டளையை எழுதுவதற்குள்ளேயே, யாருடைய தலையிலோ மட்டும் இருந்த பாதி இரகசியங்கள் தாளுக்கு வந்துவிடும்.

வேலை தேடும் இளையர்கள் நேர்காணலில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவைக்கலாம். புதிதாகச் சேர்பவர் தம் முதல் மாற்றத்தை அனுப்ப எத்தனை நாளாகிறது? ஒத்திகைச் சூழலுக்கு வரிசை உண்டா? சம்பளத்தைப் போலவே இந்தப் பதில்களும் முக்கியம். மாலையில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள் என்பதை அவை ஓரளவு சொல்லிவிடும். கேட்பதில் தயக்கம் வேண்டாம். நேர்காணல் நடத்தும் பொறியாளரே சில சமயம் பெருமூச்சுவிட்டு, “நல்ல கேள்வி” என்பார்.